கொடைக்கானல் கிளம்பும் முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்!

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் மதுரைக் குடும்பங்களின் கார்கள் வத்தலகுண்டு பக்கம் திரும்பிவிடும். கொடைக்கானல் கிளம்புவதற்கு முதல் நாள் டேங்க் நிரம்புகிறது, டயருக்குக் காற்று அடிக்கப்படுகிறது, ஏ.சி சரியாகக் குளிர்கிறதா என்று நான்கு தடவை சோதிக்கப்படுகிறது. பிரேக்? ‘அதெல்லாம் நல்லாத்தான் பிடிக்குது’ என்ற ஒற்றை வரியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் கார் ஊர்ந்துதான் போகிறது. 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரைப் பாதி தேய்ந்த பிரேக்கும் நிறுத்திவிடும். மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் சமவெளி. குறை இருந்தாலும் அது வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. தெரிய வருவது, ஊர் திரும்பக் கொடைக்கானலில் இருந்து காமக்காபட்டியை நோக்கி இறங்கும்போதுதான்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் ஒரு சின்ன கார் அங்கிருந்து அடிவாரத்துக்கு இறங்கினால், அந்த இறக்கத்தின் ஆற்றல் எல்லாம் வெப்பமாக எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். கணக்குப் போட்டால், நான்கைந்து குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. ஏறிய கியரிலேயே இறங்கினால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டி ‘பெட்ரோல் மிச்சம்’ பிடிப்பவர்களின் காரில் அத்தனை சுமையும் பிரேக்கின் தலையில்தான். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். பெடலை மிதிக்கத் துணை செய்யும் வேக்குவம் பூஸ்டர் சில மிதிகளிலேயே தன் பலத்தை இழக்க, பெடல் கல்லாக இறுகிவிடும்.

அந்தச் சூட்டில் முதலில் சோதனைக்கு உள்ளாவது, பலரும் கண்டுகொள்ளாத ஒரு பொருள்: பிரேக் ஆயில். பெயரில்தான் ஆயில், பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகால் வகைத் திரவம். காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வது இதன் குணம். கார் ஓடாமல் வீட்டு வாசலில் நின்றாலும் உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230-ம் 155-ம்.

கொதித்தால் என்ன ஆகும்? குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கினால் அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும். குமிழை அமுக்கினால் அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. கொஞ்ச நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோலப் பிரேக் பிடிக்கும். ‘மலையில மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு, கீழ வந்ததும் சரியாயிடுச்சு’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டும் அதே ஆயிலோடு மலை ஏறுபவர்கள் உண்டு. பல கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கின்றன. அதற்கு ஆகும் ஆயில் செலவு, நான்கு பேர் கறிதோசை சாப்பிடும் பில்லைத் தாண்டாது.

பட்டறையில் என்ன நடக்க வேண்டும்?

பிரேக் பார்க்கச் சொன்னால், காரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ‘நல்லாருக்கு சார்’ என்று சாவியைக் கொடுப்பது சோதனை ஆகாது. நான்கு சக்கரங்களும் கழற்றப்பட வேண்டும். பல கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்பக்க பேடு தேய்மானத்தை எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். பின்பக்க டிரம்மைக் கழற்றினால்தான் உள்ளே இருக்கும் ஷூ லைனிங்கும் வீல் சிலிண்டரும் தெரியும். அது நேரம் பிடிக்கும் வேலை என்பதால் பல இடங்களில் தட்டிக்கழிக்கப்படுவதும் அதுதான். சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று விலக்கும்போது ஈரம் கசிந்தால், லைனிங் நன்றாக இருந்தாலும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஆயில் ஊறிய லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதுவும் ஒரு பக்கம் மட்டுமல்ல, இடது வலது இரண்டும் ஜோடியாக. இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

பேடின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மலைப்பயணத்துக்கு அதை நம்பாமல் இருப்பதே நல்லது. சில பேடுகளில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். தேய்மானம் எல்லையை நெருங்கும்போது அது டிஸ்க்கில் உரசி ‘கீச்’ என்று கத்தும். அந்தச் சத்தத்தைப் பாட்டுச் சத்தத்தில் அமுக்கிவிட்டு ஓட்டினால், அடுத்து வருவது இரும்பு இரும்போடு உரசும் ‘கரகர’ ஒலி. அதற்குள் டிஸ்க்கும் கெட்டிருக்கும். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துவிடும். கோடு விழுந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவலாம்தான். ஆனால், குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் சீவுவதற்கு இடமில்லை, புதுசுதான்.

பெடலும் பேசும். மிதித்தால் ஸ்பாஞ்சுபோல அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் சீல் மீது சந்தேகம் கொள்ளலாம். சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க் சீராகத் தேயவில்லை. அதுவே திடீரென்று ஓங்கி மிதித்த நேரத்தில் மட்டும் ‘தடதட’வென்று அதிர்ந்தால் பயம் வேண்டாம், அது ஏ.பி.எஸ் வேலை செய்யும் லட்சணம். பதறிக் காலை எடுத்துவிடக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். ஆனால், தேய்ந்த பேடை ஏ.பி.எஸ் ஒன்றும் செய்துவிட முடியாது.

ஆயில் மாற்றும் காட்சி பட்டறைக்குப் பட்டறை ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் நிப்பிளில் சின்னக் குழாயைச் செருகிக் காத்திருப்பார். ‘மிதி… மிதி… பிடிச்சுக்க… ம், விடு!’ பழுப்பாக, சில சமயம் டிகாக்‌ஷன் நிறத்தில் பழைய ஆயில் பாட்டிலில் இறங்கும். குமிழ்கள் நின்று, புது ஆயிலின் தெளிந்த நிறம் வரும்வரை நான்கு சக்கரங்களிலும் இது நடக்க வேண்டும். மேலே டப்பாவில் குறைந்த அளவை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டு ‘ஆயில் மாத்தியாச்சு’ என்றால் அது மாற்றியதாகாது. புது ஆயில், சீல் உடைக்காத டப்பாவில் இருந்து வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திறந்து வைத்த டப்பா அலமாரியிலேயே ஈரம் குடித்திருக்கும்.

இன்னொன்று, டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதித் தள்ளும் பழக்கம். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தினமும் அதைச் சுவாசிப்பவர் மெக்கானிக்தான். ஈரத்துணியால் துடைக்கச் சொன்னால் அவருக்கும் நல்லது, பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் நல்லது.

உதிரிபாகத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்த ஊர் இது. அந்தக் குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பித்தது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. நாட்டின் பிரேக் தொழிலில் மதுரைக்கும் ஒரு வேர் உண்டு என்று சொல்லலாம். அப்படிப்பட்ட ஊரில் பில் இல்லாமல், பெயர் தெரியாத பெட்டியில் வரும் பேடை நூறு இருநூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக வாங்குவானேன்? பில் கேளுங்கள். கழற்றிய பழைய பேடையும் ஷூவையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். உண்மையில் மாற்றினார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு செய்யக் கூடாது. புது பேடு டிஸ்க்கோடு ஒட்டிப் பழக 200, 300 கிலோமீட்டராவது ஆகும். அதுவரை அதன் முழுப் பிடிமானம் கிடைக்காது. ஓங்கி மிதிப்பதையும் தவிர்க்க வேண்டும். ஆகவே, பயணத்துக்குப் பத்து நாட்கள் முன்பே பட்டறைக்கு விட்டுவிடுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, பட்டறை வாசலைத் தாண்டும் முன் பெடலை நான்கைந்து முறை மிதித்துப் பாருங்கள். பேடு மாற்றிய காரில் முதல் மிதி தரைவரை போவதுண்டு. அந்த முதல் மிதி பைபாஸ் சாலையில் நடக்கக் கூடாது.