இரு பெயர் கொண்ட பிள்ளைகள்: அமெரிக்கச் சீனர் வரலாற்றில் ஒரு பகுதி

குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளைப் பற்றி எழுதுவோர், அவர்களை இரு பண்பாடுகளுக்கிடையே அகப்பட்டு அலைவோர் எனக் கூறி அமைதல் வழக்கம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. வீட்டில் ஓர் ஒழுங்கு, வீதியில் வேறோர் ஒழுங்கு. இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. அமெரிக்காவிற் குடியேறிய சீனரின் பிள்ளைகளது வரலாற்றை உற்று நோக்குவார்க்கு, அவர்தம் இடர்ப்பாடு பண்பாட்டினால் மாத்திரமன்றிச் சட்டத்தினாலும் விளைந்தது என்பது புலனாகும். அவர்களுட் பலர் தம் சொந்தக் குடிப்பெயரைப் பள்ளியிற் சொல்ல இயலாதவராய் வளர்ந்தனர். அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஈண்டு நோக்குவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற் கலிபோர்ணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணக் கிராமங்களை எட்டியபோது, ஆயிரக்கணக்கான ஆடவர் கடல் கடந்தனர். சுரங்கங்களிலும், பின்னர் 1869 இல் முற்றுப்பெற்ற புகையிரதப் பாதையிலும் அவர்கள் உழைத்தனர். வேலை குறைந்ததும் வெறுப்பு மூண்டது. 1882 இல் நிறைவேறிய சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் அந்நாட்டுட் புகுதலைத் தடுத்தது. ஏற்கெனவே அங்கிருந்த சீனர் குடியுரிமை பெறுதலையும் மறுத்தது. வணிகர், மாணவர், ஆசிரியர் போன்ற சிலருக்கே வாயில் திறந்திருந்தது.

ஆயின் அம்மண்ணிலேயே பிறந்த பிள்ளையின் நிலை யாது? சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்த வொங் கிம் ஆர்க் என்பார் சீனா சென்று 1895 இல் மீண்டபோது, அவர் குடிமகன் அல்லர் எனக் கூறித் துறைமுகத்திலே தடுத்தனர். வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. அவர் பிறப்பினாற் குடிமகனே என 1898 இல் நீதிபதிகளுட் பெரும்பாலார் தீர்ப்பளித்தனர். இதன் பயனாக, ஒரே கூரையின்கீழ்த் தந்தை அந்நியர், மகன் குடிமகன் என்னும் விந்தை நிலை உறுதிப்பட்டது. குடியுரிமை கிடைத்தமையாற் சமத்துவமும் கிடைத்ததென எண்ணற்க. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், மேமி டேப் என்னும் எட்டு வயதுச் சிறுமியைச் சான்பிரான்சிஸ்கோவிற் பொதுப் பள்ளியொன்று சேர்க்க மறுத்தது. 1885 இல் மாநில உயர் நீதிமன்றம் சிறுமியின் பக்கமே நின்றது. உடனே சட்டமன்றம் சீனப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி அமைக்க வழிசெய்தது. வழக்கில் வென்ற சிறுமி அத்தனிப்பள்ளிக்கே செல்ல நேர்ந்தது.

1906 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் நிகழ்ந்த நிலநடுக்கமும் பெருந்தீயும் சான்பிரான்சிஸ்கோ நகரின் பிறப்புப் பதிவேடுகளை அழித்தன. பதிவு இல்லாதபோது, ‘யான் இந்நகரிற் பிறந்தேன்’ என்பவரை மறுப்பதெங்ஙனம்? அவ்வாறு குடிமகனானவர் சீனாவிற் பிறந்த தம் மைந்தரையும் அழைத்துக்கொள்ளலாம். ஊருக்குச் சென்று திரும்பியோருட் பலர் தமக்கு ஆண்மகவு பிறந்ததாகப் பதிவு செய்தனர். பிறவாத மைந்தரின் இடங்கள் அயலார்க்கு விலையாயின. இங்ஙனம் பத்திரத்தில் மாத்திரம் மைந்தராகி வந்தோரைக் ‘கடதாசிப் புதல்வர்’ என அழைத்தனர்.

அதிகாரிகள் இதனை அறியாதவரல்லர். 1910 முதல் 1940 வரை சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் வந்தோரைத் தடுத்துவைத்து விசாரித்தனர். வீட்டு வாயிலிற் படிகள் எத்தனை? அரிசிப் பெட்டி எவ்விடத்தில் உள்ளது? மூன்றாம் வீட்டில் வாழ்பவர் யாவர்? சிறுவன் கூறும் விடையும் தந்தை எனப்படுபவர் கூறும் விடையும் ஒத்தல் வேண்டும். இதன்பொருட்டு வினாவிடை ஏடுகளைக் கப்பலில் மனனம் செய்து, கரை சேருமுன் கடலில் எறிந்தனர். உண்மை மைந்தனும் இத்தேர்வில் தவறக்கூடும். தம் வீட்டுப் படிகளை எண்ணி வைத்தவர் நம்முள்ளும் எத்தனை பேர்?

கடதாசிப் புதல்வன் மணம் புரிந்து பிள்ளை பெற்றபோது, அப்பிள்ளைக்கு இரு குடிப்பெயர்கள் வாய்த்தன. நம்மவர் தந்தை பெயரை முன்வைத்துத் தம் பெயரைப் பின்வைப்பதுபோல, சீனர் குடிப்பெயரை முதலிலும் இயற்பெயரை அதன் பின்னும் வழங்குவர்; குடிப்பெயர் முன்னோர் வழிபாட்டோடும் மண உறவோடும் பிணைந்தது. பள்ளிப் பதிவேட்டிலோ விலைக்கு வாங்கிய பெயர் நின்றது. உண்மைப் பெயரை ஆசிரியரிடம் உரைத்தல் தந்தையை நாடு கடத்துவதற்கு ஏதுவாகலாம். சீனப் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறவாதவர் எனக் குறைகூறிய ஆசிரியர்கள் இதனை அறிந்திருக்க வழியில்லை.

பகற்பள்ளி முடிந்தபின் மாலையிற் சீனப்பள்ளிக்கும் இப்பிள்ளைகள் சென்றனர். பட்டம் பெற்றவர்க்கும் சீனர் வட்டாரத்துக்கு வெளியே தக்க தொழில் அரிதாயிருந்தது. 1936 இல் நியூயோர்க்கிலிருந்த கிங் ஹாக் கழகம், ‘என் எதிர்காலம் சீனாவிலா, அமெரிக்காவிலா?’ என்னும் பொருளிற் கட்டுரைப் போட்டி நடத்தியது. முதற்பரிசு பெற்ற ஹாவாட் மாணவர் அமெரிக்காவைத் தெரிந்தார். இரண்டாம் பரிசு பெற்றவர் சீனாவை. விடைகளைக் காட்டிலும் வினாவே நம் சிந்தனைக்குரியது. பிறந்த நாட்டில் எதிர்காலம் உண்டோ என வினவும் நிலை இவ்விளைஞர்க்கு ஏற்பட்டிருந்தது.

இவர்களின் அகவாழ்வை அறிய இரு நூல்கள் பெரிதும் உதவுவன. ஜேட் சினோ வொங் 1950 இல் வெளியிட்ட ‘ஐந்தாம் சீனமகள்’ தன் வரலாறேயாயினும் ‘நான்’ என எழுதப்படவில்லை. தம்மைப் படர்க்கையிலேயே குறிப்பிடுகிறார். தன்னை முன்னிறுத்தல் சீன மரபுக்கு ஒவ்வாது என்பது அவர் கூறும் காரணம். கல்லூரிச் சமூகவியல் வகுப்பிற் கேட்ட கருத்தை, பிள்ளைகளும் தனி மனிதரே என்பதை, அவர் தந்தையிடம் எடுத்துரைக்க, வீட்டில் எழுந்த பூசல் அந்நூலிற் சிறந்த பகுதியாகும். மக்சீன் ஹொங் கிங்ஸ்ரன் 1976 இல் வெளியிட்ட ‘பெண் போராளி’ இதற்கு எதிர்முனையில் நிற்பது. ‘நான்’ எனும் சீனச் சொல் ஏழு கோடுகளால் ஆயிருக்க, ஆங்கிலத்தில் மூன்றே கோடுகளால் ஆனதென்ன என மயங்கி, வாசிக்கையில் அச்சொல்லிலே தடைப்பட்டு நின்ற சிறுமியை அதிற் காண்கிறோம். முன்னவர் நூல் பண்பட்டது. பின்னவர் நூல் ஆழமானது என்பது எம் கருத்து.

விலக்குச் சட்டம் 1943 இல் நீங்கியது. ஆயினும் ஆண்டுக்கு 105 பேர் என்னும் அளவே விதிக்கப்பட்டது. 1956 இல் அரசு, பொய்ப் பெயரை ஒப்புக்கொள்வோர் தம் நிலையைச் சீர்செய்ய வழிவகுக்கும் திட்டமொன்றைத் தொடக்கியது. ஒருவர் ஒப்புக்கொண்டால் அப்பத்திரத்தின்வழி வந்த சிற்றப்பன், உடன்பிறந்தோர் யாவரும் வெளிப்படுவர். ஆதலிற் குடும்பங்கள் பிளவுபட்டன. சிலர் பழம்பெயரை மீட்டனர். சிலர், பிள்ளைகள் அப்பெயராலேயே அறியப்பட்டுவிட்டமையால், வாங்கிய பெயரையே வைத்துக்கொண்டனர். ஒரு குடும்பத்து உடன்பிறந்தாரே வெவ்வேறு குடிப்பெயர் தாங்கியதும் உண்டு. அந்நாட்டுச் சீன இடுகாடுகளில், ஆங்கில எழுத்தில் ஒரு குடிப்பெயரும் சீன எழுத்தில் வேறொரு குடிப்பெயரும் பொறித்த கல்லறைகள் இன்றும் காணப்படுகின்றன.