புல் கருகினால் மண் செத்துடுச்சா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் விடியற்காலைப் புல்வெளியைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பைத் தூவினது போல வெள்ளை வெளேரென்று உறைபனி! சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். வீட்டு முன்னால் ஆசை ஆசையாய்ப் புல்தரை வளர்த்தவர்களுக்கோ வயிற்றைக் கலக்கும். சில நாளிலேயே பச்சைப் புல் வைக்கோல் நிறமாகிவிடும். 'எல்லாம் போச்சு' என்று கொத்திப் போடுகிறவர்களும் உண்டு. கை நிறைய யூரியாவை அள்ளி வீசுகிறவர்களும் உண்டு.

கொஞ்சம் பொறுங்க! கருகினது மேலே இருக்கிற இலைதான். கீழே மண் உயிரோடுதான் இருக்கிறது.

மண்ணுக்கு ஏது உயிர்?

ஒரு டீஸ்பூன் நல்ல மண்ணில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். பாக்டீரியா என்றதும் முகம் சுளிக்காதீங்க. உதிர்ந்த இலையை, காய்ந்த வேரை மக்க வைத்து புல்லுக்குச் சாப்பாடாக்குவது இவைதான். கூடவே பூஞ்சைகள், மண்புழுக்கள் என்று பெரிய கூட்டுக் குடும்பமே அங்கே இருக்கிறது.

குளிரில் என்ன நடக்கிறது?

மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் வந்து தேங்கும். மேட்டு வீட்டைவிடப் பள்ளத்து வீட்டில் பனி அதிகம் விழுவது இதனால்தான்.

ஆனால் மண், பகல் வெயிலில் வாங்கின சூட்டை மெதுவாகத்தான் விடும். மேலே பனி உறைந்திருந்தாலும், நாலைந்து அங்குலத்துக்குக் கீழே ஜில்லென்று இருக்குமே தவிர உறையாது. நுண்ணுயிர்கள் சாவதில்லை, வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அவற்றின் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மண்புழு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். நீலகிரியில் பரவலாக வளரும் கிக்குயு புல்லும் அப்படித்தான். இலை கருகினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு பிழைத்திருந்து, வெயில் ஏறினதும் துளிர் விடும்.

'கனடாவில் இருக்கிற எங்க பையன் வீட்டில் மண்ணே பாறை மாதிரி உறைஞ்சு போகுதே' என்கிறீர்களா? அங்கே வெறும் உறைபனி அல்ல, பனிப்பொழிவு. தரையில் குவியும் அந்தப் பனியே மண்ணுக்குக் கம்பளி மாதிரி. மண் உறையும்போது நுண்ணுயிர்களில் ஒரு பகுதி சாகத்தான் செய்யும். ஆனால் மண் துகளைச் சுற்றி மெல்லிய ஏடாகத் தண்ணீர் உறையாமல் மிஞ்சும். மற்றவை அதில் ஒண்டிக்கொண்டு பிழைக்கும். பனி உருகினதும், செத்தவற்றின் சத்தைத் தின்று மறுபடியும் பெருகும்.

நாம என்ன செய்யணும்?

* பனி படிந்த புல்லில் நடக்காதீங்க. உறைந்த இலை நொறுங்கி, கால் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும்.

* முந்தின நாள் பகலிலேயே தண்ணீர் விடுங்க. ஈரமண் காய்ந்த மண்ணைவிடச் சூட்டை அதிகம் தாங்கும். ஆனால் தேங்க விடக்கூடாது.

* காலையில் வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்க. ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் பனிக்காலத்தில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பது வழக்கம்.

* யூரியா வேண்டாம். குளிரில் புல் அதிகம் எடுத்துக்கொள்ளாது, சத்து வீணாகும். அப்படியே துளிர்த்தாலும் இளந்துளிர் அடுத்த பனியில் கருகும்.

* 'பூச்சி விழுந்திருக்குமோ' என்று மருந்து அடிக்காதீங்க. பனிக் கருகலுக்குப் பூச்சிமருந்து எதுவும் செய்யாது. மண்புழுக்களுக்குத்தான் ஆபத்து. குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடுகிற இடம் வேறு!

* சலித்த மக்கிய உரத்தை மெல்லிசாகத் தூவினால் போதும்.

சந்தேகமா? ஓர் ஓரத்தில் புல்லை லேசாக இழுத்துப் பாருங்க. வேர் இறுகப் பிடித்து, தண்டு வெள்ளையாய் உறுதியாய் இருந்தால் புல் பிழைத்துக்கொள்ளும். மண்வெட்டியை எடுக்காமல் மார்ச் வரை பொறுத்திருங்கள்.