வரைபடத்தில் தம்பானூர் எங்கே? – பைத்தான் நிரலில் பிழை தேடும் முறை

மழை சற்று வலுத்தால் தம்பானூரில் தண்ணீர் நிற்கும் என்பது இந்நகரில் வாழும் நம்மவர் அனைவருக்கும் தெரிந்ததே. இரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. தகரப்பறம்பு, கண்ணம்மூலை வழியாகச் சென்று ஆக்குளம் காயலில் கலக்கிறது. நகரின் வடிகால்களை மீட்பதற்காக 2015-ஆம் ஆண்டு 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டம் நடந்தது. 2024 ஜூலையில் நிலையத்தின் அடியில் இந்தத் தோட்டைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மண்ணுக்கு அடியில் நீர் எந்த வழியே போகிறது, எங்கே குறுகுகிறது என்பதைக் காட்டும் வரைபடம் சரியாக இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

இத்தகைய வரைபடங்கள் இன்று கணிப்பொறியில்தான் உருவாகின்றன. 'கியூஜிஸ்' என்னும் இலவச மென்பொருள் 2002-இல் தொடங்கப்பட்டது. அதில் ஆயிரம் வடிகால்களை ஒவ்வொன்றாகக் கையால் குறிப்பதற்குப் பதில், 'பைத்தான்' மொழியில் சில வரிகள் எழுதினால் கணிப்பொறியே குறித்துவிடும். 1991-இல் நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் வெளியிட்ட மொழி இது. வரைபடத்துக்குத் தேவையான படங்களையும் விவரங்களையும் வேறொரு கணிப்பொறியிலிருந்து இணையம் வழியாகக் கேட்டுப் பெறலாம். இதற்கு இணையச் சேவை என்று பெயர். முன்பதிவு அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்துச் சீட்டு வாங்குவது போன்றதுதான். படிவத்தில் ஒரு கட்டம் தவறினால் சீட்டும் தவறும்.

நம் குடும்பங்களில் பொறியியலும் புவியியலும் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நானும் இதைப் பழகினேன். இருப்புப்பாதைப் பணியில் பழுது தேடிய பழக்கம் இதற்கும் பெரிதும் உதவுகிறது. அந்த முறையையே இங்கு எழுதுகிறேன்.

நின்றுவிடும் பிழையும் நிற்காத பிழையும்

இரயில்வே சிக்னலில் கம்பி அறுந்தாலோ மின்சாரம் நின்றாலோ அது ஆபத்துக் குறியைத்தான் காட்ட வேண்டும். அப்படித்தான் அதை அமைப்பார்கள். பழுது ஏற்பட்டால் வண்டி நிற்கும், விபத்து நேராது. பைத்தான் நிரலில் சில பிழைகள் இப்படிப்பட்டவை. சிவப்பு எழுத்தில் வரி எண்ணையும் காட்டி வேலை நின்றுவிடும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். செய்தியின் கடைசி வரியை முதலில் படித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பயப்பட வேண்டியவை நிற்காத பிழைகள். நிரல் ஓடி முடியும், வரைபடமும் அழகாக வரும். ஆனால் இடம் தவறாக இருக்கும். கணிப்பொறிக்குத் தம்பானூர் தெரியாது, எண்கள் மட்டுமே தெரியும்.

முன்பின் மாறிய எண்கள்

தம்பானூர் நிலையத்தின் அட்சரேகை ஏறத்தாழ 8.487, தீர்க்கரேகை 76.952. பள்ளியில் அட்சரேகையை முதலில் சொல்லப் பழகினோம். கணக்கில் கிடைமட்ட எண்ணை முதலில் எழுதுகிறோம், வரைபடத்தில் அது தீர்க்கரேகை. மென்பொருள்களும் இப்படி இரு கட்சியாகப் பிரிந்துள்ளன. எண்களை மாற்றிக் கொடுத்தால் தம்பானூர் வட துருவத்தை நோக்கிப் போய், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது.

பைத்தானில் அச்சு மாற்றத்துக்குப் பயன்படும் 'பைப்ராஜ்' தொகுப்பின் இரண்டாம் பதிப்பு 2019-இல் வந்தபோது இந்த வரிசை விதி மாறியது. பழைய நிரல் புதிய கணிப்பொறியில் வேறு விடை தருவதற்கு இது ஒரு காரணம். 'எப்போதும் கிழக்கு எண்ணே முதலில்' என்று வெளிப்படையாகச் சொல்லும் விருப்பம் அதில் உள்ளது. அதைத் தவறாமல் எழுதிவிட வேண்டும்.

எண் இல்லாத இடத்தில் சுழியம் நிரப்பினாலும் இதே கதைதான். இரண்டும் சுழியமானால் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் போய் நிற்கும்.

மண்டல எண்

நீளம், பரப்பு அளக்க டிகிரி உதவாது, மீட்டர் வேண்டும். அதற்காக உலகை 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். திருவனந்தபுரம், நாகர்கோவில், திருநெல்வேலி மூன்றும் 43-ஆம் மண்டலம். 78 டிகிரியைத் தாண்டியதும் 44 தொடங்குகிறது. மதுரையும் தூத்துக்குடியும் அதில் வருகின்றன. நாம் ஊருக்குப் போகும் வழியிலேயே எல்லை கடந்துவிடுகிறோம்!

மதுரையின் மீட்டர் எண்களை 43-ஆம் மண்டலம் என்று சொல்லிக் கொடுத்தால், மதுரை 6 டிகிரி மேற்கே தள்ளி லட்சத்தீவுக் கடலில் தோன்றும். தம்பானூருக்குக் கிழக்கு எண் சுமார் 7 லட்சத்து 15 ஆயிரம், வடக்கு எண் சுமார் 9 லட்சத்து 39 ஆயிரம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் இவ்வூர் வரைபடத்தை ஒரு பார்வையில் சோதிக்கலாம்.

பழைய அளவை

மேலே சொன்னவை ஊரையே கடலில் தள்ளும் பிழைகள். பார்த்தவுடன் தெரிந்துவிடும். அடுத்தது தெருவளவே தள்ளும் பிழை. அதனால்தான் அது அதிகக் கெடுதல் செய்யும்.

1802-இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையின் வழி வந்தவை நம் நாட்டின் பழைய வரைபடங்கள். அவற்றுக்கு அடிப்படை, எவரெஸ்ட் 1830-இல் கணித்த பூமி உருவம். இன்று செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவிகள் 1984-இல் வகுத்த உருவத்தைக் கொள்கின்றன. இரண்டின் நடுக்கோட்டு ஆரத்தில் 861 மீட்டர் வேறுபாடு உண்டு. மையமும் வேறு. பழைய தாளிலிருந்து எடுத்த புள்ளியை மாற்றாமல் புதிய வரைபடத்தில் வைத்தால் நம் பகுதியில் 100 மீட்டருக்கும் மேல் விலகும். தம்பானூரில் 100 மீட்டர் என்பது இரயில் நிலையத்துக்கும் எதிரே உள்ள பேருந்து நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம். தோண்டும் இயந்திரம் தவறான பக்கத்தில் போய் நிற்கும்.

உயரம்

நிலையப் பெயர்ப்பலகைகளில் கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செயற்கைக்கோள் கருவி முதலில் கணிப்பது கடல் மட்டத்திலிருந்து உயரம் அல்ல, மேற்சொன்ன கணித உருவத்திலிருந்து உயரம். தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்த உருவத்துக்கு 90 மீட்டர் அளவில் கீழே உள்ளது. எனவே திருத்தாத எண்ணைப் பார்த்தால் தம்பானூர் கடலுக்கு அடியில் இருப்பதாகத் தோன்றும்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க விண்கலம் ரேடார் மூலம் எடுத்த உயர விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இந்தத் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. அறியாமல் மறுபடி திருத்தினால் தம்பானூர் குன்றாகிவிடும். ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் கொண்ட அந்த விவரத்தில் சில மீட்டர் பிழை இயல்பு. ஒரு சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல அது போதாது. நிரல் எவ்வளவு திறமையாக எழுதப்பட்டாலும் அங்கு மட்டக்கருவியோடு ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இணையச் சேவையில் வரும் கோளாறு

இஸ்ரோவின் 'புவன்' 2009-இல் தொடங்கியது. அதுபோன்ற தளங்கள் வரைபடப் படங்களை ஒரு பொது விதிமுறையில் வழங்குகின்றன. அந்த விதிமுறையில் 1.1.1, 1.3.0 என இரு பதிப்புகள் உண்டு. டிகிரியில் கேட்கும்போது முதலாவதில் தீர்க்கரேகை முன்னே, இரண்டாவதில் அட்சரேகை முன்னே. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால் சரியான படம் வராது.

இன்னொரு சிக்கல். சேவை எண் 404 தந்தால் அந்த முகவரி இல்லை, 403 என்றால் அனுமதி இல்லை, 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டீர்கள், 500-இல் தொடங்கினால் கோளாறு அவர்கள் பக்கம். 200 என்றால் எல்லாம் நலம் என்று பொருள். ஆனால் வரைபடச் சேவைகள் 200 என்று சொல்லிவிட்டு, படத்துக்குப் பதில் பிழையை விவரிக்கும் கடிதத்தை அனுப்புவதுண்டு. நிரல் அதையே படம் என்று சேமித்துக்கொள்ளும். வந்தது படமா எழுத்தா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலவசச் சேவைகளிடம் மரியாதையும் வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இடப்பெயர் தேடும் சேவையில் விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது, கேட்பவர் யார் என்றும் தெரிவிக்க வேண்டும். மீறினால் கதவு அடைபடும்.

சில்லறைக் கோளாறுகள்

விண்டோஸ் கணிப்பொறியில் கோப்பின் இருப்பிடத்தை எழுதும்போது பின்சாய்கோடு வரும். அதை அடுத்துச் சிறிய 'டி' எழுத்து வந்தால் பைத்தான் அதைத் தாவல் இடைவெளி என்றும், 'என்' வந்தால் புதிய வரி என்றும் கொள்ளும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தம்பானூர், நாகர்கோவில் என்று இரண்டு உறைகள் வைத்திருந்தால் இரண்டுமே கிடைக்காது! முன்சாய்கோடு பயன்படுத்தினால் தீர்ந்தது.

'ஷேப்' கோப்பில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்டுகளே இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு வேண்டியிருப்பதால் மூன்று குறிகளுக்கு மேல் தமிழ்த் தலைப்பு வெட்டுப்படும். பைத்தான் இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, மூன்றாம் பதிப்பில் 3.5. பழைய நிரலை வாங்கி ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேடும் முறை

முதலாவது, பாதியாக வெட்டுவது. 400 வடிகால்களில் பிழை வந்தால் முதல் 200-ஐ மட்டும் ஓட்டுங்கள். சரியானால் பிழை மறுபாதியில். ஒன்பதாவது வெட்டுக்குள் குற்றவாளி அகப்படும். ஒரே நேரத்தில் இரண்டு திருத்தம் செய்யாதீர்கள், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

இரண்டாவது, தெரிந்த இடங்களை வைத்துச் சோதிப்பது. தம்பானூர், கொல்லம், செங்கோட்டை ஆகிய மூன்று நிலையங்களை நிரலின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். அவை ஒரு நேர்கோட்டில் இல்லாதவை. எண்கள் மாறினாலும் மண்டலம் மாறினாலும் முக்கோணம் இடம்பெயரும் அல்லது உருக்குலையும். தெருவளவு விலகலுக்கு, நடைமேடை முனையும் பாலமும் படத்தில் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றும் இடத்தில் நிற்காவிட்டால் நிரல் தானே நின்றுவிடும்படி ஒரு வரி எழுதுங்கள். அப்போது நம் நிரலும் சிக்னலைப் போல ஆபத்துக் குறி காட்டக் கற்றுக்கொள்ளும்.

கல்லூரிச் செயல்திட்டம்தானே என்று பிள்ளைகள் எண்ண வேண்டாம். இன்று மதிப்பெண்ணுக்காக வரைந்த கோடு நாளை ஒரு பொறியாளரின் கைக்குப் போகலாம். அதை நம்பி ஒரு தொழிலாளி கீழே இறங்கலாம். ஒப்படைப்பதற்கு முன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். தம்பானூர் நம் வீடுகளிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை.