கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரேயான கதை

சிறு பட்டணம் ஒன்றின் கடைத்தெரு செழிக்க வேண்டுமானால் அங்கே பெரிய ஆலை ஒன்று வரவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆலை வந்தால் நன்மையே. ஆனால் நம்முடைய ஊர்களில் கடைத்தெருவைத் தாங்கி நிற்பவர் நெசவாளரும் பயிரிடுவோருமே என்பதை நாம் மறந்துவிடலாகாது. தறிக்காரருக்குக் கூலி கிடைக்கும் நாளில்தான் மளிகைக் கடையில் பழைய பாக்கி தீருகிறது. அறுவடை முடிந்த பின்னரே கொல்லருக்கும் தச்சருக்கும் தையற்காரருக்கும் வேலை பெருகுகிறது.

இவ்விருவருடைய கையும் கடனால் கட்டுண்டிருக்குமானால் என்ன நேரும்? நூலுக்கு முன்பணம் கொடுத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கே, துணியை ஒப்படைக்க நேரும். விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்த வியாபாரியிடமே, களத்து மேட்டிலேயே, விளைபொருளை அளந்துவிட நேரும். உழைப்பின் பலனில் ஒரு பங்கு கணக்கிலேயே கழிந்து, கைக்கு வருவது சொற்பமாகிறது. அச்சொற்பத்தைக் கொண்டு ஒரு கடைத்தெரு பிழைக்க முடியாது. ஆகவே சிறு பட்டணத்தின் நலம் என்பது பெரும்பாலும் நியாயமான வட்டியில், காலத்தில் கிடைக்கும் கடனைப் பற்றிய கேள்வியே ஆகும்.

இம்முடிச்சை அவிழ்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் பிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். அவர் பெயரை நம் அங்கத்தினர் பலர் கேட்டிருக்கக்கூடும். அவர் கண்ட வெற்றியைக் காட்டிலும், அதற்கு முன்னர் அவர் தம் வழியை மாற்றிக்கொண்டே சென்ற விதம் நமக்குப் பயன் தருவதாகும்.

ஜெர்மனியின் மேற்கே வெஸ்டர்வால்ட் என்னும் மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில், 1845இல் வையர்புஷ் என்ற ஊரின் நிர்வாகத் தலைவராக அவர் அமர்ந்தார். 1846இல் விளைச்சல் பொய்த்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் ஏழைகள் பட்டினி கிடந்தனர். வசதி படைத்தவர்களிடம் நிதி திரட்டி, தானியம் வாங்கி, ரொட்டி சுடும் கூடம் ஒன்றையும் கட்டி, குறைந்த விலைக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். உடனே பணம் தர இயலாதவர்களுக்குக் கடனாகவும் கொடுத்தார். பசி தீர்ந்தது, ஆனால் பசிக்குக் காரணமான கடன் தீரவில்லை.

பின்னர் அவர் பிளாமர்ஸ்பெல்ட் என்ற ஊருக்குச் சென்றார். அங்கே மாட்டுத் தரகர்களின் பிடியில் விவசாயிகள் சிக்கியிருந்தனர். 1849இல் செல்வந்தர்கள் ஏறக்குறைய 60 பேரை ஜாமீன் நிற்கச் செய்து, உதவிச் சங்கம் ஒன்றை நிறுவினார். சங்கம் மாடு வாங்கிக் கொடுத்தது. விவசாயி பல ஆண்டுத் தவணையில் பணத்தைத் திருப்பினார். 1854இல் ஹெட்டெஸ்டார்ப் என்ற ஊரில் தொடங்கிய சங்கமோ இன்னும் விரிவானது. ஆதரவற்ற குழந்தைகளைப் பேணுதல், சிறை மீண்டோருக்கு வேலை தேடித்தருதல், கடன் கொடுத்தல் எனப் பல பணிகளை அது மேற்கொண்டது.

இவை யாவும் நற்பணிகளே. ஆயினும் ஒரு குறை பொதுவாக இருந்தது. பணம் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். கொடுத்தவருக்கு நாளடைவில் உற்சாகம் குன்றியது. வாங்கியவருக்கோ அது பிறருடைய பணம். தருமம் செய்பவரின் மனத்தை நம்பி ஒரு ஸ்தாபனம் நெடுங்காலம் நடவாது என்ற முடிவுக்கு ரைபைசன் விருப்பத்தோடு வரவில்லை. அனுபவமே அவரை அங்கே கொண்டு சேர்த்தது. 1864இல் ஹெட்டெஸ்டார்ப் சங்கத்தைக் கடன் சங்கமாக மாற்றி அமைத்தார். கடன் வேண்டுவோர் தாமே அங்கத்தினராகச் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

அதன் அமைப்பைச் சற்று நின்று நோக்குவோம். சங்கத்தின் எல்லை சிறியது. ஒருவரை ஒருவர் அறிந்திருக்கக்கூடிய அளவே. சங்கம் நொடித்தால் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய சொத்தும் முழுமையாகப் பொறுப்பாகும். தொழிலுக்கு உதவும் காரியங்களுக்கே கடன். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டுமே ஊதியம். லாபம் பங்கிடப்படாமல் சேமநிதியில் சேரும்.

அளவற்ற பொறுப்பு என்றதும் நமக்கு அச்சம் தோன்றுகிறது. ஆனால் அதுவே மலிவான பணத்தைக் கொண்டுவந்தது. தனி விவசாயி ஒருவரை நம்பாத பணக்காரர், ஊரார் அனைவரும் சேர்ந்து ஜாமீன் நின்றபோது துணிந்து டெபாசிட் செய்தார். அதைவிட முக்கியமானது வேறொன்று. பக்கத்து நிலத்துக்காரர் மாடு வாங்குவதாகச் சொல்லிப் பெற்ற கடனில் உண்மையாகவே மாடு வாங்கினாரா என்று பார்க்க எந்த அதிகாரியும் வேண்டியதில்லை. பார்க்காவிட்டால் தம் நிலத்துக்கே ஆபத்து என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

கைத்தொழிலாளரின் தேவை சற்று வேறானது. அதே நாட்டில் டெலிட்ஷ் என்ற பட்டணத்தில், ஹெர்மன் ஷூல்ட்ஸ் என்பவர் 1849இல் தச்சரையும் சக்கிலித் தொழிலாளரையும் சேர்த்து, மரமும் தோலும் மொத்தமாக வாங்கும் சங்கங்களை அமைத்தார். நூலைச் சங்கத்தின் மூலம் பெறும் நம் நெசவாளருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

இவ்வழி நம் நாட்டுக்கு வந்தது சென்னை மாகாணத்தின் வாயிலாகவே. பிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பிய நிலவங்கிகளையும் கடன் சங்கங்களையும் ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்தார். ரைபைசனின் முறையே நம் கிராமங்களுக்கு ஏற்றது என்பது அவர் கருத்து. 1904இல் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் பதிவாயிற்று. முதற்சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. கொள்முதல், விற்பனை, உற்பத்தி ஆகியவற்றுக்கான சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

ஆயினும் 1951-52இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கிராமக் கடன் கணக்கெடுப்பில், விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3 அளவே என்று தெரிந்தது. 1954இல் வெளிவந்த அதன் அறிக்கையை ஒட்டிச் சங்கங்கள் பெரிதாக்கப்பட்டன. பொறுப்பு, செலுத்திய பங்கின் அளவுக்கு வரையறுக்கப்பட்டது. அரசாங்கமும் பங்கு சேர்ந்தது. வேறு வழியும் அப்போது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பணமின்றிச் சங்கம் நடவாது அல்லவா? ஆனால் பழைய அமைப்பில் அண்டை வீட்டுக்காரர் செய்து வந்த காவலை இனி யார் செய்வது என்ற கேள்விக்கு அன்று முழுமையான விடை கூறப்படவில்லை.

ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் இக்கேள்வி இன்றும் என் முன் நிற்கிறது. பேரவைக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் நிறைந்திருக்கின்றன. நடவடிக்கைக் குறிப்பிலோ ஒரு வினாவும் காணப்படுவதில்லை. சங்கத்தைச் சர்க்கார் அலுவலகங்களில் ஒன்றாகவே அங்கத்தினர் கருதத் தொடங்கிவிட்டனர். கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் வேறொருவர் என்ற பழைய நிலைக்கு, நாம் அறியாமலே திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு ஏறக்குறைய 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. புயலிலும் மழையிலும் நொந்தவர்களுக்கு அது உற்ற நேரத்து உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த தள்ளுபடியை எதிர்நோக்கித் தவணையை நிறுத்தி வைப்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நம் சங்கம் கடனுக்கான பணத்தை மத்தியக் கூட்டுறவு வங்கியிடமிருந்து பெறுகிறது. தவணை கடந்த பாக்கி மிகுந்தால் அங்கே கதவு குறுகும். அப்போது நாற்று நட்டு, உரத்துக்குப் பணமின்றி நிற்பவர் அதே தெருவில் வாழும் மற்றோர் அங்கத்தினரே. அவர் மீண்டும் வியாபாரியின் படியேறுவார். குறித்த காலத்தில் செலுத்துபவருக்குப் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைக்கிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும்.

வரும் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் சில வினாக்களைக் கேட்கலாம். தவணை கடந்த பாக்கி சென்ற ஆண்டைவிடக் கூடியதா, குறைந்ததா? புதிதாகக் கடன் பெற்றவர் எத்தனை பேர். அவர்களுள் சிறு விவசாயிகள் எத்தனை பேர்? நெசவாளர் சங்கமாயின், நூல் என்ன விலைக்கு வாங்கப்பட்டது. அன்று வெளிச்சந்தை விலை என்ன? விற்காமல் தேங்கிய துணி எவ்வளவு, எந்த ரகம்? இவற்றுக்கு விடை தரும் ஏடுகள் சங்க அலுவலகத்திலேயே இருக்கின்றன. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகக் காரியதரிசியிடம் எழுத்து மூலம் கேட்டால், அவரும் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு விடை சொல்ல வசதியாக இருக்கும்.