டயகமவில் எழுத்தும் சுவரும் அடுப்பும்

தேயிலைப் பெட்டிக்குப் பெயர் போட ஒரு தகரத் தகடும் கட்டைத் தூரிகையும் போதும். எழுத்து வெட்டிய தகட்டைப் பலகைமேல் அழுத்திப் பிடித்துக் கறுப்பு மையை ஒற்றினால் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், எடை, இன்வொய்ஸ் இலக்கம் எல்லாம் பதிந்துவிடும். ஆங்கில 'ஓ'வை முழு வட்டமாக வெட்டினால் நடுவிலுள்ள தகடு கழன்று விழும். அதனால் மேலும் கீழும் சின்னதாய்ப் பாலம் விட்டு வெட்டுவார்கள். வேலைக்காக உடைந்த அந்த எழுத்து பிறகு அழகுக்காகவும் உடைந்தது. அமெரிக்காவில் 1937இல் 'ஸ்டென்சில்' என்ற ஒரே பெயரில் இரண்டு அச்செழுத்துகள் வெளிவந்தன. இன்று கொழும்பில் கோப்பிக் கடைச் சுவர்களில் அந்த எழுத்தைப் பார்க்கிறோம். அங்கே எந்தப் பெட்டியையும் யாரும் ஏலத்துக்கு அனுப்பப் போவதில்லை.

ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்து டயகம தோட்டங்களின் பெட்டிகளும் அப்படி எழுத்துச் சுமந்துதான் கொழும்புக்கு இறங்கின. ஆங்கில எழுத்து. கொழுந்து பறித்தவர்கள் படிக்கும் மொழியில் அந்தப் பெயரை வெட்டத் தேவை வரவில்லை. வெட்டியிருந்தால் 'ட'வும் 'ய'வும் பாலமில்லாமலே நிற்கும். சுழி மூடிய 'க'வுக்கும் 'ம'வுக்கும்தான் பாலம் வேண்டும். ஒரு நல்ல எழுத்துக் கலைஞனுக்கு அரை நாள் விளையாட்டு அது.

பெட்டிக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் எழுத்துப் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம். அதைப் பார்த்தே எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று வழியிலிருந்த அதிகாரிகள் முடிவு செய்தார்கள். வடிவமைப்பு என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது: சிறியது, மலிவானது, பிழை வராதது. அதுதான் கொடுமை.

தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குள்ளே வேறு கதை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அதற்குள் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள். தடுப்புக்கு ஒரு பழைய சேலை. உடைந்த தேயிலைப் பெட்டி நிமிர்ந்து நின்றால் அலுமாரி, கவிழ்ந்தால் மேசை. புகை குடித்த சுவரில் பசை தடவி வீரகேசரிப் பத்திரிகை ஒட்டி, அதன்மேல் முருகன், லட்சுமி கலண்டர்கள். வருடம் முடிந்தாலும் கலண்டர் இறங்காது. திகதித் தாள் மட்டும் போகும், சாமி இருப்பார். சாணம் மெழுகிய தரை. வாசலில் டேலியா, உடைந்த வாளியில் ஒரு ரோசா. இடமில்லாத இடத்தில் ஒவ்வொரு பொருளையும் இரண்டு வேலை செய்ய வைத்த அந்தக் கைத்திறனை எந்த உள்ளலங்காரப் புத்தகமும் பாடமாக வைத்து நான் பார்த்ததில்லை.

புத்தகங்கள் போனது துரை பங்களாவுக்கும் பழைய தொழிற்சாலைக்கும். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகள் ஆயின. வேலை நேர்த்தியானது, மறுக்க முடியாது. 2005இல் காசல்ரீ, பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய பங்களாக்களும் விடுதிகளாயின. லயத்தின் பக்கம் திரும்பிய கண்கள் குறைவு. அட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் சாயக் கறையையும் தேயிலைப் பைகளையுமே ஊடகமாக எடுத்துத் தோட்ட வாழ்க்கையைத் தீட்டுகிறார். பங்களாவின் பித்தளை விளக்கைவிட அந்தக் கறையில் எனக்கு அதிகம் தெரிகிறது.

சின்னங்களிலும் பங்களா, லயம் போன்ற இந்த இரட்டை உண்டு. தேயிலைச் சபையின் வாளேந்திய சிங்கம் இருந்தால் பக்கெட்டில் உள்ளது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று அர்த்தம். உலகம் அறிந்த சிங்கம். ஆனால் டயகம பசாரில் ஒரு கிழவியைக் கேட்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியது தொழிலாளர் காங்கிரசின் சேவலாகத்தான் இருக்கும். 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்த குடும்பங்களில், பிறகு வாக்குச்சீட்டு கைக்கு வந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் சேவலைத் தேடிப் பிடித்தார்கள்.

இப்போது பசாரில் கையால் எழுதிய பலகைகள் அருகிவிட்டன. முன்பு பெயின்டர் 'ழ'வின் வாலை இழுத்து, கீழே தன் கையெழுத்தையும் போடுவார். இப்போது பெனர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா, மரண அறிவித்தல் என்று எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதே பாமினி என்ற கணினி எழுத்து, அதே நிழல், அதே மஞ்சள் விளிம்பு. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே எழுத்தா என்று யாருக்கும் தோன்றாதது எனக்கு ஆச்சரியம். கொழும்பின் மூனியாக் குழு 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்ற ஸ்டென்சில் பாணி எழுத்தை இலவசமாகவே வெளியிட்டது. அப்படி ஓர் எழுத்தை நம் பசாருக்கு யார் கொண்டுவந்தோம்?

புதுமை அதிகம் நடப்பது போனிலும் அடுக்களையிலும். கொழும்புக் கடைகளில் வேலை செய்து திரும்பிய பெண்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேக் ஓடர் எடுக்கிறார்கள். ஐசிங் பையைப் பிழிந்து 'தங்கச்சிக்கு' என்று எழுதும்போது 'ங்' எங்கே வளைய வேண்டும் என்று அவர்களுக்குக் கை சொல்கிறது. பெனர் கடையில் செத்துப்போன கையெழுத்து கேக்கின்மேல் பிழைத்துக்கொண்டது.

வீடும் மாறுகிறது. இந்திய உதவியில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் வந்தன. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 அறிவித்தார். லயத்தில் இருப்பவர்கள்தான் இன்றும் ஏராளம். கிடைத்தவர்கள் ஒரே அச்சில் வார்த்த வீட்டை அப்படியே விடுவதில்லை. ஒரு சுவருக்கு ஊதா, ஒன்றுக்கு இளம்பச்சை, சீரியலில் பார்த்த ஷோகேஸ், டைல்ஸ். ஊதா எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டிலிருந்து தன் வீட்டைப் பிரித்துக் காட்ட யாருக்கும் உரிமை உண்டு.

ஒன்றை மட்டும் எந்த வீட்டு வரைபடமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்துக் குளிர் டயகமவை விடாது. காம்பிராவுக்குள் அடுப்பு கண்ணை எரித்தது, சளியைக் கொடுத்தது, ஆளையும் சூடாக்கியது. புது வீட்டில் கேஸ் அடுப்பு, வெள்ளைச் சுவர், குளிர்ந்த தரை. அதனால் பலர் பின்பக்கம் நான்கு தகரத்தை இறக்கி விறகடுப்பு கட்டிவிட்டார்கள். தேங்காய்ப்பூ பிசைந்த ரொட்டி கல்லில் வேகிறது, கட்டச் சம்பல் அம்மியில் அரைபடுகிறது, வந்தவருக்கு அங்கேயே பலகைக்கட்டை போட்டுச் சாயத்தண்ணி கொடுக்கிறார்கள். முன் அறை சோபாவில் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. அடுத்த வீடமைப்புத் திட்டத்துக்குப் படம் வரையும் பொறியியலாளர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தகரக் கூரையை.