கூட்டிற்கு வந்த புதுக்கிளி

சங்கச் சான்றோர் பாடிய குறிஞ்சித் திணையிலே கிளி பெரும்பாலும் விரட்டப்படும் பறவையாகவே வருகின்றது. தினைப்புனங் காக்குந் தலைவி தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளைக் கொண்டு அதனை ஓட்டினாள். பிற்காலத்திலே அதே கிளி மாளிகைகளில் வளர்ப்புப் பறவையாயிற்று. காதலரிடையே தூது செல்லும் பெருமையும் பெற்றுக் கிள்ளைவிடு தூது என்னும் பிரபந்தத்துக்கும் பொருளாயிற்று. இன்று நம் இல்லங்களிற் கூட்டிலே காணப்படுவது பெரும்பாலும் அந்தப் பச்சைக்கிளியன்று. கடைகளிலே ‘லவ் பேர்ட்ஸ்’ எனக் கூறி விற்கப்படும் பட்ஜரிகர் என்னுஞ் சிறுகிளியே. அப்பெயர்க்கு உண்மையில் உரியது ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். வணிகர் வழக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. கிளியை ஓட்டுதற்கு அன்று கருவிகள் பல வேண்டியிருந்தன. வந்த கிளியை அச்சமின்றி இருக்கச் செய்தற்கு இன்று வேண்டியன யாவை என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

பட்ஜரிகரின் தாயகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. ஜோன் கூல்ட் என்னும் பறவையியலறிஞர் 1840 ஆம் ஆண்டிலே இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன் பின்னரே இவை உலகெங்கும் வளர்ப்புப் பறவைகளாய்ப் பரவின. தாயகத்திலே இவை தனித்து வாழ்வதில்லை. மழை பெய்த இடத்தையும், அங்கே விளையும் புல்விதையையும் நாடிப் பெருங்கூட்டமாய் அலைந்து திரிவன. வல்லூறு முதலியவற்றுக்கு இரையாவன. முப்பது நாற்பது கிராம் நிறையே உள்ள இச்சிற்றுயிர்க்குக் கூட்டமே கோட்டை. இவ்வுண்மையை அறிந்தார்க்குப் புதுக்கிளியின் நடத்தை முழுவதும் விளங்கிவிடும். கடையிலே இருபது முப்பது கிளிகளின் நடுவே ஆரவாரித்துக் கொண்டிருந்த குஞ்சு, வீட்டுக்கு வந்ததும் ஒரு மூலையில் அசையாது நிற்கின்றது. அதனைக் கண்டோர் ‘நல்ல சாதுவான கிளி’ என மகிழ்வர். அது சாதுத் தன்மையன்று, அச்சமே. மேலிருந்து கூட்டினுள் நுழையும் கை அதற்கு வல்லூற்றின் காலாகவே தோன்றும்.

பட்ஜரிகர்களைப் பற்றி ஆய்வாளர் கண்ட செய்தியொன்று ஈண்டு நினைத்தற்குரியது. ஒன்றையொன்று முன்னறியாத கிளிகளை ஒரு கூட்டில் விட்டால், அவை தம்முள் அழைத்துக் கொள்ளும் குரலைச் சிறிது சிறிதாக மாற்றிச் சில வாரங்களிலே ஒரே வகையான குரலை அடைந்துவிடுகின்றன. பழகுதல் என்பது அவற்றுக்குப் பொதுவான மொழியொன்றை ஆக்கிக் கொள்ளுதலே. தனிக்கிளி ஒன்று நம் வீட்டுக்கு வந்தால், அதற்குக் கூட்டமாக அமைவோர் நாமே. அதற்கும் அந்தச் சில வாரங்களை நாம் கொடுத்தல் வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாட்களிலே செய்யத்தக்க பெருங்காரியம் அதனை வாளா விட்டுவிடுதலே. ஆயினும் ஒன்றை மாத்திரம் கண்ணுங் கருத்துமாய்க் கவனித்தல் வேண்டும்: கிளி உண்ணுகின்றதா என்பது. இங்கே பலர் ஏமாந்து போகின்றனர். பட்ஜரிகர் விதையை முழுதாய் விழுங்குவதில்லை. அலகினால் உமியை நீக்கிப் பருப்பை மாத்திரம் உண்டு, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். காலையில் இட்ட தினை மாலையிலும் கிண்ணம் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஊதிப் பார்த்தால் அத்தனையும் உமியாய்ப் பறக்கும். நிறைந்த கிண்ணத்தின் முன்னே கிளி பட்டினி கிடந்து மடிவதும் உண்டு. ஓரிரு நாட் பட்டினியே இச்சிற்றுடலின் உயிரைப் போக்கப் போதும். பின்னர், ‘எங்கள் வீட்டுக்குக் கிளி இராசியில்லை’ என்று பழியை இராசியின் மீது சுமத்துவர். ஆகவே நாடோறும் கிண்ணத்தை ஊதி, உமியைப் போக்கிப் புதிய விதை இடுக. கூட்டின் அடியிலே வெள்ளைத் தாளை விரித்து வைத்தால் எச்சத்தின் அளவைக் காணலாம். எச்சங் குறைந்தால் உணவு குறைந்ததென்பது திண்ணம்.

தினையும் சாமையும் இதற்கேற்ற உணவு. கடையிலே எதனை உண்டு பழகியதோ அதனையே முதல் வாரத்திற் கொடுத்து, பின்னரே கீரை, துருவிய கரட் முதலியவற்றைப் பழக்குக. நம் கடற்கரைகளில் ஒதுங்குங் கணவாயோட்டை நன்கு கழுவி உலர்த்திக் கட்டித் தொங்கவிட்டால் அதுவே கல்சியந் தரும். இதனைப் பணங் கொடுத்து வாங்குவது வீண். ஆனைக்கொய்யாப் பழம் கிளிக்கு நஞ்சு. ஒரு துண்டும் ஆகாது.

உணவுக்கு அடுத்தது காற்று. பறவையின் சுவாச அமைப்பு நம்முடையது போன்றதன்று. உடலெங்கும் பரந்த காற்றுப்பைகளின் துணையால் அதன் சுவாசப்பையினூடு காற்று ஒரு திசையாகவே ஓடுகின்றது. ஒட்சிசனை மிகத் திறமையாய் உறிஞ்சும் இவ்வமைப்பு நச்சாவியையும் அவ்வாறே உறிஞ்சிக் கொள்ளும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிலே காபனோரொட்சைட்டை அறிவிக்கும் காவலாய்க் கனேரிப் பறவைகளை 1986 ஆம் ஆண்டுவரை வைத்திருந்தமைக்குக் காரணம் இதுவே. ஆகவே அடுக்களையிற் கூடு வைத்தல் பெருந்தவறு. ‘நொன்-ஸ்டிக்’ எனப்படும் ஒட்டாப் பூச்சுடைய தாச்சி அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவிடும் ஆவி சில நிமிடங்களிற் கிளியைக் கொல்ல வல்லது. நுளம்புச்சுருளின் புகையும் தீதே.

கூட்டின் ஒரு பக்கமேனுஞ் சுவரைச் சார்ந்திருத்தல் நன்று. நாற்புறமும் வெளியாயின் கிளி நாற்புறமும் காவல் செய்தே களைத்துவிடும். கடையில் வரும் ஒரே பருமனான தடிகளுக்குப் பதிலாகப் பருமன் வேறுபட்ட கொய்யாக் கொப்புக்களை வைத்தல் காலுக்கு நலம். வேலியோரத்து அலரியை மாத்திரம் ஒடித்து வைத்துவிடலாகாது, அது நஞ்சு. பொழுது பட்டதும் மெல்லிய துணியாற் கூட்டை மூடுக. பத்துப் பன்னிரண்டு மணி நேர உறக்கம் அதற்கு வேண்டும். இரவு பத்து மணிவரை தொலைக்காட்சி முழங்கும் மண்டபத்திலே இஃது எங்ஙனங் கூடும்!

சில நாட் சென்றபின் கூட்டருகே அமர்ந்து தாழ்ந்த குரலிற் பேசுக. புத்தகமொன்றை வாசித்தாலும் போதும். கையைக் கூட்டினுள் நீட்டுவதாயின் மார்பின் மட்டத்திலிருந்து, தினைக்கதிரோடு, மெல்ல நீட்டுக. புதிதாய் வந்து சேர்ந்த மாணவனை முதல் நாளே எழுப்பிப் பாடம் ஒப்புவிக்கச் சொல்லும் ஆசிரியர் பெறும் பயனையே, முதல் நாளே கிளியைப் பேசு பேசு என்று வற்புறுத்துவோரும் பெறுவர். கலிபோர்ணியாவிலே 1994 இல் இறந்த பக் என்னும் பட்ஜரிகர் 1,728 சொற்களை அறிந்திருந்ததெனக் கின்னஸ் பதிவு கூறும். அத்தகைய பேச்சும் தன் கூட்டத்தாரின் குரலை ஏற்கும் இயல்பின் விளைவே. அச்சந் தீராத கிளி பேசாது. ஒற்றைக் காலை மடக்கி நிற்றல், இறகு கோதுதல், உறங்குமுன் அலகை அரைத்தல் என்பன அச்சந் தீர்ந்தமைக்கு அறிகுறிகள். அதற்கு மாறாய், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் தரையிற் குந்தியிருப்பது நோயின் குறி. இரையாகும் உயிர்கள் நோயை இயன்றவரை மறைக்கும். வெளித்தெரியும்போது அது முற்றியிருக்கும். உடனே மிருக வைத்தியரை நாடுக.

வீட்டிலே முன்னரே கிளிகள் உளவாயின் புதியதை ஏறக்குறைய ஒரு மாதம் வேறறையில் வைத்தல் முறை. கிளிக்காய்ச்சல் மனிதரையும் பற்றும் நோய். 1929, 1930 ஆம் ஆண்டுகளிலே அது பல நாடுகளிற் பரவியது. எச்சத்தைத் தூசெழாதவாறு நனைத்தே துடைத்தல் வேண்டும்.

கையிலேறப் பழகிய கிளியை அறையினுட் பறக்கவிடலாம். விடுமுன் யன்னற் கதவுகளை அடைத்து, கண்ணாடிக்குத் திரையிட்டு, பூனையை வெளியேற்றி, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துக. ஆளியைத் தட்டியவுடன் விசிறி நின்றுவிடாது. அதன் இதழ்கள் முற்றும் ஓய்ந்த பின்னரே கூட்டின் கதவைத் திறத்தல் வேண்டும்.