வலியும் ஒரு சிக்னல்தான்

"ரயிலே ஓடாத ஊரில் ரயில்வே இன்ஜினீயருக்கு என்ன வேலை?" என்று சங்கத்து நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. உண்மைதான். அந்தமானில் தண்டவாளம் கிடையாது. தென்னக ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வு பெற்றபின் மகனோடு இருக்கலாம் என்று மனைவியுடன் இங்கே வந்து சேர்ந்தவன் நான். படிப்பு டிப்ளமோ. மீதியைக் கற்றுக் கொடுத்தது தண்டவாளமும் கேபினும்தான்.

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக் கொண்டிருந்தபோது, மூன்று பேர் தனித்தனியே வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், வலிக்குக் கரண்ட் வைக்கிற மிஷின் உங்கள் வீட்டில் இருக்கிறதாமே, நாங்களும் வாங்கலாமா?" ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்குக் கழுத்து வலி. மூன்றாமவர் டிக்லிபூரில் இருக்கும் தம் தாயாருக்காகக் கேட்டார்.

நின்றபடியே ஒரு வார்த்தையில் சொல்லிவிடக் கூடிய பதில் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த மிஷினால் எனக்கு நன்மையும் கிடைத்தது; என் கையால் ஒரு கெடுதலும் நடந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மீனிலிருந்து மிஷின் வரை

மின்சாரத்தால் வலியைத் தணிப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி மருத்துவர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கீல்வாயு கண்டவரைக் கடற்கரையின் ஈர மணலில் நிற்க வைத்து, உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைத்து, கால் மரத்துப் போகும் வரை நிற்கச் சொல்வாராம். இந்த வகை மீன்கள் இந்தியக் கடல்களிலும் உண்டு. வலையிலிருந்து எடுக்கும்போது 'ஷாக்' வாங்கிய மீனவர்கள் நம்மிடையேயும் இருக்கக்கூடும்.

ஆனால் கரண்ட் வைத்தால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு நல்ல விளக்கம் கிடைத்தது 1965இல்தான். ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 'கேட்' கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1967இல், வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற மருத்துவரும் நரம்புகளுக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுத்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1970களில் சட்டைப் பையில் அடங்கும் பாட்டரிக் கருவிகள் வந்தன. அதைத்தான் சுருக்கமாக 'டென்ஸ்' என்கிறோம்.

அந்தக் கொள்கையை ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். தொடு உணர்ச்சியைக் கொண்டு போகும் நரம்புகள் தடித்தவை. செய்தி வேகமாக ஓடும். வலியைக் கொண்டு போகும் நரம்புகள் மெலிந்தவை. செய்தி மெதுவாகப் போகும். இரண்டும் முதுகுத் தண்டில் ஒரு லெவல் கிராசிங்கில் சந்திக்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். தொடு உணர்ச்சி எக்ஸ்பிரஸ் வண்டி. வலி, ரோட்டில் வரும் லாரி. எக்ஸ்பிரஸ் ஓடிக் கொண்டிருக்கும்போது கேட் மூடியிருக்கும். லாரி காத்திருக்க வேண்டியதுதான். கதவில் முட்டி இடித்துக் கொண்டால் உடனே கையால் தேய்த்துக் கொள்கிறோமே, அதுவும் இந்தக் கேட்டை மூடும் வேலைதான். டென்ஸ் மிஷின் அந்தத் தேய்ப்பைக் கரண்ட் மூலம் செய்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. வண்டி போனபின் கேட் திறக்கும், லாரி வரும். மிஷினை நிறுத்திச் சிறிது நேரத்தில் வலி திரும்பி வருவது அதனால்தான். மிஷின் கேட்டை மூடுகிறதே தவிர, லாரியை ஊருக்குத் திருப்பி அனுப்புவதில்லை.

இரண்டு மிஷின், இரண்டு வேலை

கடையில் ஒரே மாதிரிப் பெட்டியில் இரண்டு வகை வருகிறது. இரண்டும் சேர்ந்த கருவியும் உண்டு. குழப்பிக் கொள்ளக் கூடாது.

டென்ஸ் நரம்புக்கு. பெரும்பாலும் விநாடிக்கு 80 முதல் 100 துடிப்பு வரை வைப்பார்கள். ஒவ்வொரு துடிப்பும் 50 முதல் 200 மைக்ரோ விநாடி. அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் இத்தனை கூறு. எறும்பு ஊர்வதுபோல் 'சுருசுரு'வென்று இருக்கும், சதை துடிக்காது. விநாடிக்கு 2 முதல் 4 துடிப்பு வரை வைக்கும் இன்னொரு முறையில் சதை மெல்லத் துள்ளும். அதனால் உடம்பே தனக்குள் வலி மருந்து சுரந்து கொள்கிறது என்கிறார்கள்.

இ.எம்.எஸ். என்பது தசைக்கு. துடிப்பு நீளமானது, தசை இறுகி விடும். பத்து விநாடி இறுக்கம், அதைவிட நீண்ட ஓய்வு என்று மாறி மாறி நடக்கும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் சோர்ந்து போன தொடைத் தசையை எழுப்புவதற்குப் பிசியோதெரபிஸ்டுகள் இதைப் பயன்படுத்துகிறார்கள். தொப்பையைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் 'பெல்ட்'டும் இந்த ரகம்தான். தசை இறுகுவது உண்மை. கொழுப்பு கரைவது விளம்பரத்தில் மட்டும். காசைக் கரியாக்க வேண்டாம்.

எனக்கு என்ன பலன்?

டிராலியில் குலுங்கியும், குனிந்து பாயிண்ட் மோட்டார் பார்த்தும் தேய்ந்து போன இடுப்பு என்னுடையது. வலி இடுப்பில் தொடங்கி இடது காலில் இறங்கும். டாக்டர் சோதித்துப் பார்த்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்ற பிறகு, பிசியோதெரபிஸ்ட் ஐந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வலியில் இரண்டைக்கூடச் செய்ய முடியவில்லை. அப்போதுதான் டென்ஸை அறிமுகம் செய்தார். பட்டைகளை இடுப்பில் எங்கே ஒட்டுவது என்று பேனாவால் குறியே போட்டுக் கொடுத்தார். அரை மணி நேரம் வைத்துக் கொண்டு, வலி தணிந்திருக்கும்போதே ஐந்து பயிற்சியையும் முடித்துவிட்டு நடக்கப் போவேன். நாலு மாதத்தில் மெரினா பார்க் வரை நடந்து திரும்பினேன். என்னை நடக்க வைத்தது பயிற்சி. பயிற்சி செய்ய விட்டது மிஷின்.

என் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாக்கக் கூடாது. இங்கிலாந்தில் சிகிச்சைகளை எடைபோட்டு வழிகாட்டும் 'நைஸ்' என்ற அமைப்பு, இடுப்பு வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்று 2016இல் சொல்லிவிட்டது. மூட்டுத் தேய்மானத்துக்கும் வேண்டாம் என்று 2022இல் சொன்னது. பலன் இருப்பதற்குப் போதுமான சான்று இல்லை என்பது அவர்கள் வாதம். அதே 2022இல் 381 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த வேறொரு குழு, மிஷின் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: இது அந்த நேரத்துக்கான நிவாரணம், நோய்க்கு மருந்து அல்ல.

நான் செய்த தவறு

இனி, சொல்லச் சங்கடமான விஷயம்.

என் மனைவிக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பாதம் எரிகிறது, குத்துகிறது என்று இரவில் தூங்கமாட்டாள். என் இடுப்புக்குக் கேட்ட மிஷின் அவள் காலுக்குக் கேட்காதா என்று யாரையும் கேட்காமல் ஒருநாள் நானே பட்டையை எடுத்து அவள் பாதத்தில் ஒட்டினேன். டயலை இரண்டுக்கு வைத்தேன். "என்னங்க, ஒண்ணுமே தெரியலையே" என்றாள். நாலுக்கு வைத்தேன். "இன்னும் தெரியலை." ஏழு வரை ஏற்றினேன். அரை மணி கழித்துப் பட்டையை உரித்தபோது, ஓரத்தில் ஐம்பது காசு அளவுக்குத் தோல் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. அப்போதும் அவளுக்கு வலிக்கவில்லை. அதுதான் என் வயிற்றைக் கலக்கியது.

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. சர்க்கரையால் அவள் பாதத்தின் தொடு உணர்ச்சி நரம்புகள் பழுதாகியிருந்தன. எரிச்சலும் இருக்கும், அதே இடத்தில் உணர்ச்சியும் இருக்காது. போதாக்குறைக்குப் பட்டை பழசு, காய்ந்து போனது. பட்டை முழுவதும் ஒட்டினால் கரண்ட் பரவிப் போகும். ஓரம் மட்டும் ஒட்டினால் அந்த ஓரத்தில் குவிந்து சுடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், "ரிலே எழவில்லையா, வோல்ட்டேஜை ஏற்றாதே, முதலில் கம்பியைப் பார்" என்று எத்தனையோ இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வீட்டில், என் மனைவியின் காலில், கம்பி அறுந்திருப்பதைப் பார்க்காமல் வோல்ட்டேஜை ஏற்றினேன். இந்தத் தீவின் ஈரக் காற்றில் அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. சர்க்கரைக்காரர் காலில் வந்த புண் எதுவரை போகும் என்பது உங்களுக்குத் தெரியும். கடவுள் புண்ணியத்தில் ஆறியது. அவள் ஒரு வார்த்தை கோபித்துக் கொள்ளவில்லை. தினமும் கட்டுப் போட்டது நான்தான்.

யார் தொடக் கூடாது?

இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருப்பவர்கள் இருதய மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். தலையிலும் கழுத்திலும் அவர்களுக்கு வேண்டாம். யாராக இருந்தாலும் கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, கண், புண் உள்ள இடம், மரத்துப் போன இடம், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம் ஆகியவற்றில் பட்டை படக் கூடாது. கால் நரம்பில் ரத்தம் கட்டியிருந்தால் அந்தக் காலில் கூடாது. குளிக்கும்போதும், தூங்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் வேண்டாம்.

பட்டை ஒட்டுமுன் கண்ணை மூடச் சொல்லி, ஒரு துண்டு பஞ்சால் அந்த இடத்தைத் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் மிஷினை உள்ளே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அன்று எனக்கு இந்தப் பஞ்சு யோசனை தோன்றவில்லை.

நம் தீவுக்கு ஏற்றபடி

இங்கே வியர்வைக்கும் ஈரத்துக்கும் பட்டை சீக்கிரம் வழுவிவிடும். தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பசையில்லாமல் ஒட்டுங்கள். முடிந்ததும் அதன் பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பசை காய்ந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவலாம். அதற்கும் ஒட்டவில்லை என்றால் தூக்கி எறியுங்கள். பட்டை சென்னையிலிருந்து வர நாளாகும் என்று பழசை இழுத்துப் பிடிக்க வேண்டாம். நான் செய்த தவறில் பாதி அதுதான். உபயோகிக்காத நாட்களில் பாட்டரியைக் கழற்றி வையுங்கள். உப்புக் காற்றில் ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும். கரண்ட் போனாலும் மிஷின் ஓடும் என்பது ஒரு சௌகரியம்.

மூவருக்கும் பதில்

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. சிக்னலில் எந்தப் பழுது வந்தாலும் அது சிவப்புக்குத்தான் போக வேண்டும். சிவப்பு எரிந்தால் வண்டி நிற்கும். முன்னால் ஆபத்து இருக்கலாம். சிக்னலே கெட்டிருக்கவும் கூடும். எது என்று பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில் அனுமதி தந்த பிறகுதான் டிரைவர் சிவப்பைத் தாண்டலாம். விளக்கின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வண்டியை விட யாருக்கும் அதிகாரம் இல்லை.

வலியும் அப்படிப்பட்ட சிவப்பு விளக்குதான். டாக்டர் பார்க்காத வலிக்கு மிஷின் வைப்பது விளக்கை மூடுவதற்குச் சமம். நெஞ்சிலோ, இடது தோளிலோ, தாடையிலோ திடீரென்று வலி வந்து வியர்த்தால் மிஷினைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முழங்கால்காரருக்கு: டாக்டரைப் பார்த்து, தொடைப் பயிற்சி கற்றுக் கொண்ட பிறகு, அதற்குத் துணையாக வேண்டுமானால் வாங்குங்கள். கழுத்துக்காரருக்கு: கை மரத்துப் போகிறது என்றீர்கள், முதலில் அதற்குக் காரணம் தெரிய வேண்டும். டிக்லிபூர்த் தம்பிக்கு: உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டென்று சொன்னீர்கள். பார்சலில் மிஷினை அனுப்பி, போனில் சொல்லிக் கொடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். பஸ் பயணம் நீண்டதுதான். ஆனாலும் ஒரு தடவை அழைத்து வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம். என் மனைவி இன்றும் தினம் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக் கொள்கிறாள். அதை உங்கள் அம்மாவுக்கு அவளே சொல்லிக் கொடுப்பாள்.